ஜப்பானில் குடியிருந்தபடி ஓர் ஊரை எழுதுவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்கு வந்தவர், படிக்க வந்தவர், துணைவரோடு வந்து வீட்டில் இருப்பவர் என்று ஜப்பானில் வந்து இறங்கும் தமிழர்களில் எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் கேமராவோடு அலைகிறவர்களும் நிறையவே உண்டு. வந்த புதிதில் எல்லோரும் எழுதுவது ஏறக்குறைய ஒன்றேதான். ரயில் நொடி தவறாமல் வருகிறது, தெருவில் குப்பை இல்லை, கழிப்பறையில் இத்தனை பொத்தான்கள். எல்லாம் உண்மை. ஆனால் இரண்டு வாரச் சுற்றுலாவில் வருகிறவரும் இதையே எழுதிவிட்டுப் போகலாம். இங்கே வாடகை கட்டி, குப்பையைப் பிரித்துப் போட்டு, குளிரில் விறைத்துக் காலம் தள்ளுகிறவருக்கு மட்டும் இருக்கிற வசதி, பார்த்த இடத்தையே மறுபடி மறுபடி போய்ப் பார்க்கலாம் என்பது. அந்த வசதியை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நமக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. ஏ. கே. செட்டியார் 1930களில் டோக்கியோவுக்குப் போய் ஒளிப்படக் கலை படித்தவர். ஜப்பானைப் பற்றித் தமிழில் எழுதியும் வைத்தார். காந்தி ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றியதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் படி: விசா என்ன சொல்கிறது என்று பாருங்கள்

சலிப்பான வேலைதான். ஆனாலும் இதை முதலில் முடித்துவிட்டால் பிறகு நிம்மதி. வீடு கிடைத்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பலர் கவனிக்காதது வேறு. ஜப்பானில் ஒவ்வொரு விசாவும் இன்ன வேலை செய்யலாம் என்று எல்லை போட்டிருக்கிறது. ஐடி கம்பெனிக்கு வந்தவர் பணம் வாங்கிக்கொண்டு மாதாமாதம் பத்தி எழுதினாலோ, ஒளிப்படம் விற்றாலோ அந்த எல்லையைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. அப்போது இமிக்ரேஷன் அலுவலகத்தில் ‘ஷிகாகுகாய் கட்சுதோ’, அதாவது விசா எல்லைக்கு வெளியே வேலை செய்யும் அனுமதி, வாங்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. படிக்க வந்தவர்களும் குடும்ப விசாவில் இருப்பவர்களும் இதே அனுமதியோடு வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று யாரும் கணக்குக் காட்ட முடியாத சுயதொழிலுக்கு இந்தப் பொது அனுமதி போதாது, தனி அனுமதி கேட்க வேண்டும். எழுத்து வேலை பெரும்பாலும் இந்த வகையில்தான் வரும். நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் ஜப்பானியரை மணந்து அந்த விசாவில் இருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.

எப்போதாவது ஒரு கதைக்கோ கட்டுரைக்கோ படத்துக்கோ சன்மானம் வந்தால் என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். தொழிலாகச் செய்யாதவரை, படைப்புக்கும் சொற்பொழிவுக்கும் கிடைக்கிற தற்செயலான ஊதியத்துக்கும் பரிசுப் பணத்துக்கும் அனுமதி தேவையில்லை என்று குடிவரவு விதிகளே சொல்கின்றன. தமிழ்ப் பத்திரிகைகள் தருகிற சன்மானத்தால் விசாவுக்கு ஆபத்து வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை!

இன்னும் இரண்டு. உங்கள் கம்பெனியின் வேலை ஒப்பந்தத்தில் பக்கத் தொழில் கூடாது என்று இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளக்காரராக இருந்து, செலவு போகப் பக்க வருமானம் ஆண்டுக்கு 2 லட்சம் யென்னைத் தாண்டினால் பிப்ரவரி 16 முதல் மார்ச் 15 வரையுள்ள காலத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

இன்னும் ஜப்பானுக்கு வராதவர்களுக்கு ஒரு குறிப்பு. வெளிநாட்டு வேலையை இணையம் வழியாகச் செய்துகொண்டே இங்கே தங்குகிறவர்களுக்காக 2024 மார்ச்சில் வந்த டிஜிட்டல் நாடோடி விசாவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆறு மாதம் இருக்கலாம், ஆண்டு வருமானம் 1 கோடி யென் இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முயலலாம். இந்தியாவும் இலங்கையும் பட்டியலில் இல்லை. தேநீர்ச் சடங்கு, மலர் அலங்காரம் போன்ற கலை ஒன்றை ஆசிரியரிடம் முறையாகக் கற்க வருகிறவர்களுக்குப் பண்பாட்டு நடவடிக்கை விசா என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் சம்பாதிக்க முடியாது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: எழுத்து, காது

ஜப்பானிய அசை எழுத்துகள் இரண்டு வரிசை: ஹிரகானா 46, கதகானா 46. நம் எழுத்துகளின் எண்ணிக்கையை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. சீனாவிலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான நகராட்சிகளில் ‘கொகுசாய் கோர்யூ க்யோகாய்’ என்ற சர்வதேச நட்புறவு அமைப்பு இருக்கும். அங்கே தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ மொழி சொல்லித் தருவார்கள். காசு கொடுத்துப் படிக்கிற பள்ளியைவிட எழுதுகிறவருக்கு இதுதான் நல்லது. ஊர்க்கதை தெரிந்த பெரியவர் ஒருவர் வாரம் ஒருமுறை உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், வேறென்ன வேண்டும்?

மூன்றாம் படி: ஓர் ஊரைப் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கியோத்தோவையும் ஃபுஜி மலையையும் ஷிபுயா நாற்சந்தியையும் போய்ப் பாருங்கள், ரசியுங்கள், எழுதுவதை மட்டும் தள்ளி வையுங்கள். பதிலுக்கு வீட்டிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் போகக்கூடிய, சுற்றுலாக் கூட்டம் அதிகம் இல்லாத ஓர் ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த ஊருக்கென்று ஒரு தொழில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு திருவிழாவும், திறந்திருக்கும் ஒரு நூலகமும் இருக்க வேண்டும். காலையில் கிளம்பி இரவு திரும்ப முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

டோக்கியோவின் கிழக்குப் பக்கத்தில், குறிப்பாக நிஷிகசாய் வட்டாரத்தில், நம் ஆட்கள் அதிகம். அவர்களுக்குக் கைக்கெட்டும் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சீபா மாநிலத்தின் கிழக்கு முனையில், தோனே ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற சோஷி.

முதல் முறை போகிறவர் கண்ணில் படுவது இனுபோசாகி கலங்கரை விளக்கம். 1874இல் பிரிட்டிஷ் பொறியாளர் பிரன்டன் கட்டியது, ஏறுவதற்கு 99 படிகள். எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள், நீங்களும் எடுப்பீர்கள். சரி, எடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாம் முறை ரயிலைக் கவனியுங்கள். சோஷி மின்ரயில் என்று ஒரு தனியார் தடம், மொத்த நீளமே 6.4 கிலோமீட்டர். 1923இல் ஓடத் தொடங்கியது. ஊரில் ஆள் குறையக் குறைய டிக்கெட் வருமானம் விழுந்தது. 1995இல் அவர்கள் ‘நுரே செம்பெய்’ விற்க ஆரம்பித்தார்கள்: சுட்ட சூட்டிலேயே சோயா சாஸில் தோய்த்த, மொறுமொறுப்பில்லாத அரிசி வில்லை. 2006இல், ரயிலைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும், தயவுசெய்து வில்லை வாங்குங்கள் என்று இணையத்தில் ஒரு வேண்டுகோள் போட்டார்கள். நாடு முழுவதிலிருந்தும் ஆர்டர் குவிந்தது. இன்றைக்கும் அந்த ரயில் கம்பெனிக்கு ரயிலில் வருவதைவிடப் பலகாரத்தில் வருவதுதான் அதிகம்.

அந்த வில்லைக்கு சோயா சாஸ் எங்கிருந்து வருகிறது? இதைக் கேட்கத் தோன்றினால் மூன்றாம் பயணத்துக்குத் தயார் என்று அர்த்தம். சோஷியில் ஹிகேதா 1616இலும் யமாசா 1645இலும் தொடங்கின. இரண்டும் இப்போதும் இயங்குகின்றன, தொழிற்சாலையில் போய்ப் பார்க்க இடமும் இருக்கிறது. ஈரமான கடற்காற்று நொதித்தலுக்கு உதவியது. தோனே ஆற்றில் படகேற்றி அன்றைய எதோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, சரக்கு அனுப்ப முடிந்தது. சரி, தொடங்கியவர்கள் யார்? யமாசாவின் ஹமாகுச்சி குடும்பம் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, கிஷூவிலிருந்து, இன்றைய வாகாயாமாவின் ஹிரோகாவாவிலிருந்து வந்தது. சோஷி ரயிலின் கடைசி நிலையமான தொகாவாவில் இருக்கிற மீனவர் குடியிருப்பையும் கிஷூக்காரர்தான் ஏற்படுத்தினார்.

இங்கேதான் விஷயம் பெரிதாகிறது. அந்தக் குடும்பத்தின் ஏழாவது தலைவர் ஹமாகுச்சி கோர்யோ. 1854 டிசம்பரில் அவர் சொந்த ஊரில் இருந்தபோது பெரிய நிலநடுக்கம் வந்தது, தொடர்ந்து சுனாமியும் வந்தது. இருட்டில் திசை தெரியாமல் தவித்தவர்களுக்கு வழிகாட்ட, வயலில் இருந்த வைக்கோற்போர்களுக்குத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மக்கள் மேட்டில் இருந்த ஹச்சிமான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் சொந்தப் பணத்தைப் போட்டு, பிழைப்பை இழந்தவர்களுக்குக் கூலி கொடுத்து, சுமார் 600 மீட்டர் நீளத்துக்குக் கடலோரக் கரை எழுப்பினார். 1858இல் வேலை முடிந்தது. 1946இல் மறுபடி அலை வந்தபோது அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. பழைய ஜப்பானிய நாட்காட்டியில் அவர் தீ வைத்த நாள் பதினோராம் மாதம் ஐந்தாம் தேதி. 2015இல் ஐ.நா. நவம்பர் 5ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்ததற்கு இதுதான் காரணம். நாகப்பட்டினத்தையோ முல்லைத்தீவையோ சேர்ந்த ஒருவர் இதை எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பலகாரம் விற்கிற ஒரு குட்டி ரயிலில் ஏறி நாம் வந்து சேர்ந்திருக்கிற இடம் இது. ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

நான்காம் படி: முன்பு எழுதியவரைச் சரிபாருங்கள்

கோர்யோவின் கதையை ஆங்கிலத்தில் எழுதி உலகத்துக்குச் சொன்னவரும் வெளியூர்க்காரர்தான்: லாஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தீவில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்து, 1890இல் யோகோஹாமாவில் இறங்கியவர். 1896இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று கொய்சுமி யாகுமோ ஆனார். அதே ஆண்டு ஜூனில் வடகிழக்கு ஜப்பானின் சான்ரிக்குக் கடற்கரையை சுனாமி அழித்தது. அதை அடுத்துத்தான் கோர்யோவைப் பற்றி எழுதினார்.

ஹெர்ன் எழுதியதில் வருகிறவர் மலைமேல் வாழும் கிழவர். அலை வருவதை முன்கூட்டியே உணர்ந்து, ஊரை மேலே வரவழைப்பதற்காக அறுவடை செய்த நெல்லையே எரிக்கிறார். நிஜத்தில் கோர்யோவுக்கு வயது 34. அவர் எரித்தது வைக்கோல், அதுவும் அலை ஊருக்குள் வந்த பிறகு. கதையாக ஹெர்னுடையது அருமை. அதையொட்டி ஒரு பள்ளி ஆசிரியர் எழுதிய பாடம் 1937 முதல் பத்தாண்டு ஜப்பானியத் தொடக்கப் பள்ளிப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் கட்டுரை எழுதுகிறவர் ஹிரோகாவாவுக்குப் போய்விட்டு வந்தால் இந்த வித்தியாசங்கள் ஒரே நாளில் தெரிந்துவிடும். 2007இல் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது, கரையும் அப்படியே இருக்கிறது. ஜப்பானைப் பற்றி ஆங்கிலத்தில் படித்த எதையும் இப்படி ஒருமுறை உரசிப் பார்த்துவிட்டுத்தான் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஹெர்னிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு. அவருக்குக் கடைசிவரை ஜப்பானிய மொழி அரைகுறைதான். மனைவி செட்சு பேய்க்கதைகளையும் ஊர்க்கதைகளையும் சொல்வார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது, உன் வாயால் உன் சொல்லில் சொல் என்று ஹெர்ன் வற்புறுத்துவாராம். அப்புறம், அவருக்கு ஒரு கண் இளமையிலேயே போய்விட்டது, மற்றதிலும் பார்வை குறைவு. மட்சுயே நகரத்தின் காலைப் பொழுதை அவர் ஒலியாகத்தான் எழுதினார்: முதலில் அரிசி குத்தும் உலக்கை, பிறகு கோயில் மணி, பிறகு முள்ளங்கி விற்பவரின் கூவல், பிறகு சூரியனைப் பார்த்துக் கைதட்டி வணங்குகிறவர்கள்.

இதையே உங்கள் முதல் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்து, ஒரு நாளில் என்னென்ன கேட்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். குளிர்காலத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் மண்ணெண்ணெய் வண்டி. சுட்ட சர்க்கரைவள்ளி விற்கிறவரின் இழுவைக் குரல். மாலை ஐந்து மணி வாக்கில் ஊர் முழுக்கக் கேட்கும் குழந்தைப் பாட்டு மெட்டு. பேரிடர் எச்சரிக்கை ஒலிபெருக்கிகள் வேலை செய்கின்றனவா என்று நகராட்சி தினமும் சோதிப்பது அது. இந்தப் பட்டியலை எழுத மொழியே தெரிய வேண்டாம்.

ஐந்தாம் படி: போய்வரும் வழி

வெளிநாட்டவர் எல்லோரும் பேசுகிற ஜேஆர் பாஸ், அதாவது ஜேஆர் கம்பெனிகளின் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு இஷ்டம்போல் போய்வரும் சீட்டு, உங்களுக்குக் கிடையாது. அது சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்கு. ரெசிடென்ஸ் கார்டு வைத்திருப்பவர் வாங்க முடியாது. (2023 அக்டோபரில் அதன் விலையும் ஏழு நாளுக்கு 50,000 யென் ஆகிவிட்டது. அதனால் பெரிய இழப்பில்லை.) நமக்கு உதவுவது ‘சேஷூன் ஜூஹாச்சி’ டிக்கெட். பெயரில் 18 இருந்தாலும் எந்த வயதினரும் வாங்கலாம். வசந்தம், கோடை, குளிர்காலப் பள்ளி விடுமுறைகளில் மட்டும் விற்பார்கள். ஜேஆர் சாதாரண ரயில்களில் எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம், ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலிலும் விரைவு வண்டிகளிலும் ஏற முடியாது. 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ச்சியாக மூன்று நாளுக்கு 10,000 யென், ஐந்து நாளுக்கு 12,050 யென், ஒருவருக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். முன்பு நாட்களைப் பிரித்தும், நண்பர்களோடு பகிர்ந்தும் பயன்படுத்த முடிந்தது. அது போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் டோக்கியோவிலிருந்து ஹிரோகாவாவுக்குப் பக்கத்து நிலையமான யுவாசா வரை சாதாரண வண்டிகளிலேயே மாறி மாறிப் போவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. நடுவில் எங்காவது ஓர் இரவு தங்கிக்கொள்ளுங்கள். யுவாசாவே பழைய சோயா சாஸ் ஊர்தான்.

ஹெர்னின் மட்சுயேவுக்குப் போக ஆசைப்பட்டால் டோக்கியோவிலிருந்து இரவில் கிளம்பும் சன்ரைஸ் இசுமோ. ஜப்பானில் அன்றாடம் ஓடும் படுக்கை ரயில்களில் மிச்சமிருப்பது அதுவும் அதோடு இணைந்து கிளம்பும் சன்ரைஸ் செத்தோவும்தான். ‘நோபிநோபி’ என்ற கம்பளத் தரை இடத்துக்குப் படுக்கைக் கட்டணம் கிடையாது. பயணக் கட்டணம், விரைவுக் கட்டணத்தோடு முன்பதிவு இருந்தால் போதும். பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்கு விற்பனை தொடங்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வணங்கும் ஓபோன், புத்தாண்டு: இந்த மூன்று சமயத்திலும் தூரப் பயணம் வேண்டாம். சைவ உணவுக்காரர்களுக்குச் சாப்பாடு எங்கேயும் சிக்கல்தான். காய்கறிக் குழம்பிலும் உலர்மீன் வடிசாறு கலந்திருக்கும். வாகாயாமாவுக்குப் போகும்போது கோயாசான் மலை மடங்களில் ஓர் இரவு தங்கினால் துறவிகளின் முழுச் சைவ உணவும் கிடைக்கும், விடிகாலை வழிபாட்டிலும் உட்காரலாம்.

ஆறாம் படி: ஆட்களுக்குள் நுழைவது

நுழைவாயில் நீங்கள் குடியிருக்கும் தெருவிலேயே இருக்கிறது. ‘சோனாய்காய்’ என்ற தெருச் சங்கத்தில் சேருங்கள். மாதச் சந்தா சில நூறு யென் இருக்கும். சுற்றறிக்கைப் பலகை வீடு வீடாக வரும், படித்து முத்திரை வைத்து அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். குப்பைக் கூடு கழுவும் முறை வரும், அதையும் செய்யுங்கள். முதியவர்கள் அதிகமாகி, விழாவில் ‘மிகோஷி’ என்ற சாமிப் பல்லக்கைத் தூக்கப் பல ஊர்களில் தோள் போதவில்லை. தூக்க வரலாமா என்று கேட்டால் மேலங்கியையும் கொடுத்து வரிசையில் நிறுத்திவிடுவார்கள். மறுநாள் தோள்பட்டை வீங்கும். ஓரமாக நின்று படம் எடுக்கிறவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்துவிடும்: அந்தக் கூட்டத்தில் யார் யாருக்குக் கட்டளையிடுகிறார்கள் என்பது.

எழுத்தாளர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் இன்னொரு இடம், ஊர்ச் சமூகக்கூடத்தில் மாதந்தோறும் நடக்கும் ஹைக்கூ கூட்டம், ‘குகாய்’. தமிழில் நாம் ஹைக்கூவைத் தனியாக உட்கார்ந்து எழுதிப் புத்தகமாகப் போடுகிறோம். இங்கே அது ஒரு குழு விளையாட்டு. ஒவ்வொருவரும் துண்டுத் தாள்களில் பெயர் போடாமல் எழுதிக் கொடுப்பார்கள். தாள்களைக் கலந்து பிரித்து, ஒருவர் எழுதியதை வேறொருவர் தன் கையெழுத்தில் படியெடுப்பார். கையெழுத்தை வைத்துக்கூட யார் என்று கண்டுபிடிக்க முடியாது. பிரதிகள் சுற்றி வரும், பிடித்ததை ஒவ்வொருவரும் தேர்வார்கள், சத்தமாக வாசிப்பார்கள். தன் வரி வாசிக்கப்பட்டதும்தான் எழுதியவர் தன் பெயரைச் சொல்வார். கூட்டத்தின் மூத்த ஆசிரியரின் வரியை யாருமே தேர்ந்தெடுக்காத நாளும் உண்டு. நம் இலக்கியக் கூட்டங்களுக்கு இதை இறக்குமதி செய்தால் என்ன நடக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கைவேலை தெரிந்தவர்கள் எழுத்தை விட்டுவிட்டு நேரே பட்டறைக்குப் போகலாம். பிற்பாடு மட்பாண்டக் கலைஞராகப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் பெர்னார்ட் லீச் 1909இல் ஜப்பானுக்கு வந்தபோது செதுக்கோவியக்காரர். 1911இல் ஒரு விருந்தில் ராக்கு மட்பாண்டத்தில் வரைந்து பார்த்தார், அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் மண்தான். அவர் நண்பரான குயவர் ஹமாதா ஷோஜி குடியேறிய மாஷிக்கோ என்ற ஊரில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மட்பாண்டச் சந்தை நடக்கிறது. செய்தவரே கடை போட்டு நிற்பதால் பேச்சுக் கொடுக்க எளிது.

ஏழாம் படி: கேள்வி, கேமரா

ஒருவரைச் சந்தித்துப் பேச வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். யார் நீங்கள், எந்த மொழியில் எழுதுகிறீர்கள், எங்கே வெளிவரும், எவ்வளவு நேரம் ஆகும், நாலே வரி போதும். போகும்போது பெயரட்டையும், உங்கள் ஊர்ப் பக்கத்துக் கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டி ஒன்றும் கையில் இருக்கட்டும். கேள்வி கேட்டபின் அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். நமக்கு அந்த அமைதி தாங்காது, அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவோம். நல்ல பதில் அதற்குப் பிறகுதான் வரும். பதில் ‘சோத்தோ…’ என்று இழுத்து நின்றால் முடியாது என்று பொருள். வற்புறுத்த வேண்டாம்.

கேமராவில் கவனம் வேண்டும். முகம் தெரியும் படத்தை அனுமதியில்லாமல் வெளியிட்டால் வழக்குக்குப் போக ஜப்பானில் இடமிருக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. கியோத்தோவின் கியோனில் தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். ஃபுஜிகாவாகுசிகோ ஊரில் ஒரு கடைக்குப் பின்னால் தெரியும் ஃபுஜி மலையைப் படமெடுக்கக் கூட்டம் சாலையை அடைத்ததால் 2024 மே மாதம் கறுப்புத் திரை கட்டி மறைத்தார்கள், கொஞ்ச நாள் கழித்து எடுத்தார்கள். கோயில்களில் கேமரா முக்காலி பெரும்பாலும் கூடாது. 100 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள டிரோனைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

எட்டாம் படி: நூலகம்

முகவரி பதிந்தவர் யாருக்கும் நகர நூலக அட்டை இலவசம். உள்ளே போனதும் ‘க்யோதோ ஷிர்யோ’, அதாவது உள்ளூர் ஆவணங்கள், எங்கே என்று கேளுங்கள். ஊர் வரலாறு, பழைய வரைபடம், பள்ளி நூற்றாண்டு மலர், தெருச் சங்கத்தார் அச்சிட்ட சிறு நூல் எல்லாம் அந்த அலமாரியில்தான். நீங்கள் தேர்ந்த ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கடைசி ஒரு மணி நேரத்தை அந்த ஊர் நூலகத்துக்கு ஒதுக்குங்கள். மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவை அட்டவணைப் பக்கத்தில் காட்டினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். டோக்கியோ நாகதாச்சோவில் இருக்கும் தேசிய நூலகத்தில் 18 வயதான யாரும் பதிந்துகொள்ளலாம். அச்சில் கிடைக்காத பல பழைய நூல்களை வீட்டுக் கணினியிலேயே படிக்கும் சேவையும் 2022 மேயிலிருந்து இருக்கிறது.

ஜப்பானிய இலக்கியத்தைத் தமிழில் மொழிபெயர்க்க விரும்புகிறவர்களுக்கு: ஜப்பானில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு. அந்த மாற்றம் 2018 டிசம்பரில் வந்ததால் 1967க்குள் இறந்தவர்களுக்குப் பொருந்தாது. புத்தகம் இந்தியாவில் வெளியாகிறது என்றால் அங்கே 60 ஆண்டுக் கணக்கு. அகுதாகாவா, மியசாவா கென்ஜி இருவரும் இரண்டு கணக்கிலும் சுதந்திரமானவர்கள். மிஷிமா இறந்தது 1970இல், அவரைத் தொடுவதற்கு முன் உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: எழுத உட்காரும்போது

இரண்டு பழக்கங்களைக் கொஞ்ச காலத்துக்காவது ஒதுக்கி வையுங்கள். ஒன்று, ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் ‘நம் நாட்டில் இப்படி இருக்கிறதா?’ என்று கேட்பது. வாசகர் அதைத் தானே கேட்டுக்கொள்வார். மற்றது, எதைப் பார்த்தாலும் நம்முடையதாக ஆக்கிக்கொள்வது. பென்சாய்தென் நம் சரஸ்வதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எனோஷிமா தீவில் அவளுக்குக் கடலும் டிராகனும் எப்படிச் சேர்ந்தன என்று எழுதினால் தமிழ் வாசகருக்குப் புதிதாக ஏதாவது கிடைக்கும். சரஸ்வதி என்று சொல்லி முடித்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது. ஜப்பானிய மொழி அறிஞர் ஓனோ சுசுமுவின் தமிழ்–ஜப்பானிய மொழி உறவுக் கருத்தும் அப்படித்தான். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பெயர்களை ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுதாமல் காதால் கேட்டு எழுதுங்கள். குறில் நெடிலும் இரட்டிப்பும் தமிழில் இருப்பதால் ஆங்கிலத்தைவிட நமக்கு வசதி அதிகம். ஒருமுறை எப்படி எழுதினீர்களோ கடைசிவரை அப்படியே எழுதுங்கள்.

துணை வேண்டுமென்றால், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஜப்பான் எழுத்தாளர் மாநாடு ஆண்டுதோறும் இலவசமாக நடக்கிறது. கியோத்தோவில் வெளிநாட்டு எழுத்தாளர்கள் குழுவும் உண்டு. ஓவியர்களும் சிற்பிகளும் தொகுஷிமாவின் கமியாமா, இபராக்கியின் மொரியா போன்ற ஊர்களில் நடக்கும் தங்கிப் படைக்கும் திட்டங்களுக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

கட்டுரை வெளிவந்ததும் ஒரு பிரதியை, அல்லது அச்செடுத்த பக்கத்தை, உதவியவர்களுக்குத் தபாலில் அனுப்புங்கள். தமிழ் எழுத்தை அவர்களால் வாசிக்க முடியாது, ஆனாலும் தங்கள் படமோ ஊர்ப் பெயரோ எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு சிறு தாளை ஒட்டி, ஜப்பானிய மொழியில் ஐந்தாறு வரியில் சுருக்கம் எழுதுங்கள். மொழி வகுப்புப் பெரியவரிடம் காட்டித் திருத்தி வாங்கிக்கொள்ளலாம். அதே முகவரிகளை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு ஆண்டு முடிவில் புத்தாண்டு அஞ்சலட்டை போடுங்கள். அஞ்சலட்டை 85 யென். டிசம்பர் 15 முதல் 25 வரை பெட்டியில் போட்டால் ஜனவரி 1 அன்று போய்ச் சேரும்.